ஆலை நின்றது, அப்புறம் பந்தும் நின்றது

பின்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நோக்கியா போன். அடுத்தது குளிர். கால்பந்து யாருக்கும் ஞாபகம் வராது. அது ஐஸ் ஹாக்கி தேசம். ஆனால் லிவர்பூல் ரசிகர் யாரையாவது கேட்டுப் பாருங்க, டக்குனு ஒரு பேர் சொல்வாங்க: சாமி ஹூப்பியா. (நிஜமாவே பேர் சாமிதான். நம்ம ஊர் ஆள் இல்லை, ஆறடி நாலங்குல வெள்ளைக்காரர் :-))

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு நைட் ரிலீஸ் முடிச்சுட்டு தூக்கம் வராமல் 2005 இஸ்தான்புல் பைனலைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். மிலன் பாதி ஆட்டத்திலேயே மூணு கோல் முன்னாடி, கடைசியில் கப் லிவர்பூலுக்கு. நான் இதை லைவா பார்த்தவன் இல்லை, அப்ப நான் ஸ்கூல் பையன். அந்த டிபன்ஸில் மலை மாதிரி நின்ன சாமி எங்கேர்ந்து வந்தார்னு தேட ஆரம்பிச்சேன். ஒரு ஊர் கிடைச்சது. அந்த ஊரிலிருந்து ஒரு காகித ஆலை. ஆலையிலிருந்து ஒரு கிளப். அப்புறம் மூணு ராத்திரி போயே போச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

ஒரு ஊர், ஒரு ஆலை

ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே சுமார் நூத்தி முப்பது கிலோமீட்டரில் மில்லிகோஸ்கி. ‘மில்லி’ என்றால் ஆலை, ‘கோஸ்கி’ என்றால் ஆறு பாறைகளில் விழுந்து நுரைச்சு ஓடுற இடம். ஊர்ப் பேரிலேயே மொத்த வரலாறும் இருக்கு பாருங்க. கிமியோகி என்கிற பெரிய ஆறு ஏரிகளிலிருந்து கிளம்பி பின்லாந்து வளைகுடாவுக்கு இறங்குது. மேலே காட்டில் வெட்டின மரம் ஆத்தோட மிதந்து வரும். வேகமா ஓடுற தண்ணி இயந்திரத்தைச் சுத்தும். மரமும் சக்தியும் ஒரே இடத்தில் கிடைச்சா ஆலை வராமல் இருக்குமா? ஆற்றின் நெடுக மரக்கூழ் ஆலைகளும் காகித ஆலைகளும் முளைச்சது அப்படித்தான்.

மில்லிகோஸ்கி ஆலையை 1892ல் ஆரம்பிச்சவர் கிளாஸ் பியோர்ன்பெர்க். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. போகப்போக ஜெர்மனி, அமெரிக்கா வரைக்கும் ஆலைகளை வாங்கி, பத்திரிகை அச்சடிக்கிற காகிதத்தில் பெரிய பேர் எடுத்தாங்க. ஆனாலும் கம்பெனியின் பேர் மட்டும் கடைசி வரை இந்தச் சின்ன ஊரின் பேர்தான்.

பின்லாந்தின் ஆலை ஊர்களைப் பற்றி ஒண்ணு சொல்லணும். அங்கே முதலாளி என்பவர் சம்பளம் மட்டும் தருபவர் இல்லை. ‘பத்ரூனா’ன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. நம்ம ஊர் ‘பண்ணையார்’ மாதிரியும் இல்லை, ‘எம்.டி’ மாதிரியும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில். வீடு, பள்ளிக்கூடம், மருத்துவம், விளையாட்டு எல்லாத்திலும் ஆலையின் கை இருக்கும். இதை வெறும் தாராள மனசுன்னு எடுத்துக்கவும் முடியாது. 1918ல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. செம்படை ஒரு பக்கம், வெண்படை ஒரு பக்கம். ஆலை ஊர்கள் நடுவில் பிளந்துபோன மாதிரி ஆச்சு. 1919ல் தொழிலாளிகள் தங்களுக்குன்னு தனி விளையாட்டு சம்மேளனமே ஆரம்பிச்சாங்க. ஓடுறது, குதிக்கிறது, பந்து உதைக்கிறது எல்லாத்துக்கும் இடது வலது வந்தாச்சு. அப்படி ஒரு நாட்டில் முதலாளி மைதானம் போட்டுத் தந்தால் அதில் பாசமும் இருக்கும், கணக்கும் இருக்கும்.

மில்லிகோஸ்கன் பல்லோ பிறந்தது 1947ல். ‘பல்லோ’ என்றால் பந்து. மில்லிகோஸ்கியின் பந்து, அவ்வளவுதான் பேர். சுருக்கமா மிபா. பிறந்த வருஷத்தையும் சேர்த்து மிபா-47. ரொம்ப காலம் யாரும் பெரிசா கண்டுக்காத கிளப். பின்னாடி நின்ன பெரிய துணை ஆலைதான்.

ஏற்றம்

திருப்பம் 1992. அந்த வருஷம் மிபா முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது. ஏறி வந்த கையோட தலைநகரின் பெரிய கிளப்பான ஹெச்ஜேகேவிலிருந்து 21 வயசுப் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. யாரி லிட்மனென். அந்த சீசன்லயே பின்னிஷ் கப்பை ஜெயிச்சாங்க, பைனலில் யாரோவை 2-0. (யாரோன்னா ‘யாரோ ஒருத்தர்’ இல்லை, அது இன்னொரு கிளப்பின் பேர். நான் முதல்ல படிச்சப்ப எனக்கே குழப்பம்தான்.) சீசன் முழுசா முடியறதுக்குள்ள அயாக்ஸ் லிட்மனெனைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அடுத்த வருஷம் பெர்க்காம்ப் கிளம்பிப் போனதும் அந்த 10ம் நம்பர் சட்டை லிட்மனெனுக்கு. 1995ல் சாம்பியன்ஸ் லீக். பின்லாந்து பெத்த மிகப் பெரிய ஆட்டக்காரர் யாருன்னு இன்னிக்கும் கேட்டால் பெரும்பாலும் லிட்மனென்னுதான் பதில் வரும். மிபாவில் இருந்தது சில மாசம்தான். ஆனா அங்கேயிருந்துதான் வெளியே போனார்.

அதே 1992ல் ஒல்லியா நெட்டையா இன்னொரு பையன் டீமுக்குள்ள வந்தான். நம்ம சாமி. இவர் வளர்ந்தது அதே ஆற்றில் கொஞ்சம் மேலே இருக்கிற வோய்க்கா. அதுவும் காகித ஆலை ஊர். மிபாவில் 1995 வரை ஆடி, நெதர்லாந்தின் வில்லம் டூவுக்குப் போய், 1999ல் லிவர்பூல். விலை இருபத்தாறு லட்சம் பவுண்டு. பத்து வருஷம் ஆடின ஆளுக்கு இது ஆடித் தள்ளுபடி விலை. பின்னாடி அதே வில்லம் டூ வழியா பிஎஸ்வி வரை போன விங்கர் யோனாஸ் கோல்காவும் மிபா ஆள்தான். இருபதாயிரம் பேர்கூட தேறாத அன்யலன்கோஸ்கி என்கிற நகராட்சியின் ஒரு மூலையிலிருந்து இத்தனை பேர்.

லீகில் மட்டும் ஒரு சாபம். 1993ல் ரெண்டாவது இடம். 1994ல் ரெண்டாவது. 1995ல் ரெண்டாவது. 1996ல்... சரி, நீங்களே சொல்லிடுங்க. நாலு வருஷம் வரிசையா ரெண்டாவது! இதில் 1995ஐ மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அந்த வருஷம் மிபாவுக்கு முன்னாடி முதல் இடத்தில் நின்னது ஹாகா. வல்கெயாகோஸ்கி என்கிற இன்னொரு காகித ஊரின் கிளப். அதுக்குப் பின்னாடி நின்ன காகிதக் கம்பெனிதான் பின்னாளில் யூபிஎம் ஆனது. கதையின் கடைசியில் யூபிஎம் திரும்ப வரும்.

கப்பில் சாபம் இல்லை. 1995ல் ரெண்டாவது முறை கப். ஐரோப்பாவிலும் கொஞ்சம் ஆடிப் பார்த்தாங்க. 1995 யூஈஎப்ஏ கப்பில் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லை அவங்க மைதானத்திலேயே 3-1. திரும்பி வந்து சொந்த ஊரில் 0-2ன்னு தோத்தாலும், வெளியூர் கோல் கணக்கில் தப்பிச்சாங்க. அடுத்த சுற்றில் பிஎஸ்வி. பிரேசில் ரொனால்டோ ஆடிக்கிட்டு இருந்த பிஎஸ்வி! சொந்த ஊரில் 1-1ன்னு நிறுத்திட்டாங்க. அங்கே போய் 7-1ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

1996ல்தான் எனக்குப் பிடிச்ச காட்சி. கப் வின்னர்ஸ் கப்பில் லிவர்பூல் வந்தது, மில்லிகோஸ்கிக்கே. சவினியெமி மைதானத்தில் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். அங்கே பௌலரும் மெக்மனமனும் இருந்த காலத்து லிவர்பூல். ஒரே ஒரு கோலில்தான் ஜெயிச்சுட்டுப் போச்சு. திரும்ப ஆன்பீல்டில் 3-1. மூணு வருஷம் கழிச்சு, அதே மைதானத்தில் வளர்ந்த சாமி லிவர்பூலுக்குப் போனார்.

2005

மிபா கடைசியா சாம்பியன் ஆனது 2005ல். முதலும் அதான், கடைசியும் அதான். அந்த ஒரே வருஷத்தைத் தனியா எடுத்துப் பார்த்தால் எனக்கு என்னமோ பண்ணுது.

முதல் வருஷம், 2004ல், மூணாவது கப். 2005 மே 25, இஸ்தான்புல்லில் சாமி கையில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அதே நாளில் பின்லாந்தில் காகித ஆலைகள் பூட்டிக் கிடந்தன. தொழிற்சங்கத்துக்கும் ஆலை முதலாளிகளுக்கும் தகராறு. கிறிஸ்துமஸுக்கும் நடுக்கோடைத் திருநாளுக்கும் இயந்திரத்தை நிறுத்துறது அங்கே வழக்கம். அந்த நாட்களிலும் ஓட்டணும்னாங்க முதலாளிகள், சங்கம் முடியாதுன்னுச்சு. கதவடைப்பு. ஒரு மாசத்துக்கு மேல் நாட்டின் காகிதத் தொழிலே படுத்திருந்தது. அந்தக் கோடை முழுக்க மிபா ஆடிக்கிட்டே இருந்தது. குளிர் நாடு என்பதால் அங்கே லீக் வசந்தத்தில் ஆரம்பிச்சு இலையுதிர் காலத்தில் முடியும். கதவடைப்பு முடிஞ்சு ஆலைகள் திரும்ப ஓடின அந்த இலையுதிர் காலத்தில், ஹெச்ஜேகே மாதிரி பெரிய கிளப்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி மிபா சாம்பியன்.

அடுத்த வருஷம் 2006 மார்ச். யூபிஎம் ஓர் அறிவிப்பு விட்டது: வோய்க்கா ஆலையை மூடுறோம். சாமி வளர்ந்த ஊர். நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. அதே கோடையில் மிபா சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடி, வேல்ஸின் டிஎன்எஸ்ஸை ஜெயிச்சு, கோபன்ஹேகனிடம் தோத்தது. 2007ல் யூஈஎப்ஏ கப்பில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் வந்தது, ஜெயிச்சுட்டுப் போச்சு. மைதானத்தில் ஐரோப்பா, ஆற்றின் மேலே பூட்டின ஆலை. அப்ப அந்த ஊர்க்காரங்க யாராவது ரெண்டையும் சேர்த்து யோசிச்சிருப்பாங்களான்னு தெரியலை. நான் இருந்தா யோசிச்சிருக்க மாட்டேன். ஜெயிச்சுக்கிட்டு இருக்கும்போது யார் கணக்கு பார்ப்பா?

சரிவு

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு ஐரோப்பாவில் பத்திரிகைக் காகிதத்துக்குத் தேவை விழுந்துக்கிட்டே போனது. வாங்க ஆள் குறைவு, ஆலைகள் அதிகம். எல்லாரும் குறைஞ்ச விலைக்கு விக்க, எல்லாருக்கும் நஷ்டம். இந்த மாதிரி நேரத்தில் பெரியவங்க செய்யற வேலை ஒண்ணு இருக்கு: போட்டிக் கம்பெனியை வாங்கு, அதில் சில ஆலைகளை மூடு, மிச்சம் இருக்கிற ஆலைகள் பிழைக்கட்டும்.

2010 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மில்லிகோஸ்கி கம்பெனியை யூபிஎம் வாங்குது. கடனெல்லாம் சேர்த்து மதிப்பு சுமார் 90 கோடி யூரோ. பரிவர்த்தனை முடிஞ்சது 2011 ஆகஸ்ட் 1. அந்த மாசம் முடியறதுக்குள்ளேயே மூடப்போற ஆலைகளின் பட்டியல் வந்தது. ஜெர்மனியில் அல்ப்ரூக், பின்லாந்தில் மில்லிகோஸ்கி. கம்பெனிக்கே பேர் கொடுத்த ஆலை! 2011 டிசம்பரில் இயந்திரம் நின்றது. 1892லிருந்து கணக்குப் போட்டால் 119 வருஷம்.

1995ல் மைதானத்தில் மிபாவை ரெண்டாவது இடத்துக்குத் தள்ளினது யூபிஎம் வம்சத்து கிளப். பதினாறு வருஷம் கழிச்சு ஆலையையே வாங்கி மூடினது யூபிஎம். சினிமாவில் வெச்சா ‘ஓவர்’னு சொல்லுவோம்.

மிபா உடனே விழலை. ஆலை இல்லாமல் 2012, 2013, 2014னு மூணு சீசன் முதல் டிவிஷனில் தாக்குப் பிடிச்சது. அன்யலன்கோஸ்கி நகராட்சியே 2009ல் பக்கத்து கோவ்வோலாவோடு கரைஞ்சு போயிருந்தது. ஆலையும் போச்சு, ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களின் வருமானமும் போச்சு. அந்த வருமானத்தில்தானே டிக்கெட் வாங்குறதும், கடைக்காரர் மைதானத்தில் விளம்பரப் பலகை வைக்கிறதும்? ஒரு ஸ்பான்சர் போனால் வேற ஸ்பான்சர் தேடலாம். ஸ்பான்சரும் ரசிகனும் ஊர்க்கடையும் ஒரே இடத்திலிருந்து சம்பளம் வாங்கினால் எங்கே போய்த் தேடுறது?

2015 சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி, பணம் இல்லைன்னு மிபா லீகிலிருந்து விலகிக்கிட்டது. மைதானத்தில் தோத்து இறங்கலை. ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு இறங்கினாங்க. காலியான இடத்துக்கு வந்தது கேடிபி. கோட்கா என்கிற துறைமுக ஊரின் கிளப். கிமியோகி ஆறு கடலில் சேர்ற இடத்தில் இருக்கிற ஊர் அது. கேடிபின்னா ‘கோட்கா தொழிலாளர் பந்தாட்டக்காரர்கள்’ என்று அர்த்தம். முதலாளி தயவில் எழுந்த கிளப்பின் நாற்காலி, தொழிலாளர் பேரை வெச்ச கிளப்புக்குப் போச்சு. ஆத்துத் தண்ணி மாதிரி கீழே இறங்கிப் போச்சுன்னு வேணும்னா சொல்லிக்கலாம்.

யார் மேல தப்பு?

முதல் ராத்திரி எனக்கு யூபிஎம் மேல செம கடுப்பு. வாங்கின மாசமே மூடுறதுன்னா என்ன மனசு அது? மூணாவது ராத்திரி அந்தக் கடுப்பு நேரா நிக்கலை.

ஏன்னா ஹாகாவைப் பாருங்க. ருடால்ஃப் வால்டெனின் மகன் யூசோ வால்டென், அந்த ஊர்க் காகிதக் கம்பெனியை 1969 வரை ஆண்ட பத்ரூனா. அவர் காலத்தில் ஹாகா ராஜா மாதிரி இருந்தது. 1960, 1962, 1965ல் சாம்பியன். 2004 வரைக்கும் மொத்தம் ஒன்பது முறை. அவங்க மைதானத்தின் பேரே ‘ஆலை மைதானம்’தான். மில்லிகோஸ்கி மாதிரி வல்கெயாகோஸ்கி அடியோட காலியாகலை. அங்கே ஆலை ஓடிக்கிட்டுதான் இருந்தது. ஆனாலும் 2012ல் ஹாகாவும் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினது. திரும்ப ஏறி வந்து ஆட 2020 சீசன் வரை ஆச்சு.

அப்படின்னா விஷயம் ஆலை மூடினது மட்டும் இல்லை. முதலாளி ஊரில் இருந்தவரைக்கும் கிளப் அவருக்குக் கௌரவம். ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்க்கிற கௌரவம். கம்பெனி பங்குச் சந்தைக்குப் போய், தலைமை அலுவலகம் தலைநகரில் உட்கார்ந்து, பங்குதாரர் உலகம் முழுக்கப் பரவின பிறகு, அதே கிளப் ஒரு செலவுக் கணக்கு. கௌரவத்தைக் குறைக்க யாருக்கும் மனசு வராது. செலவைக் குறைக்க ஒரு மெயில் போதும்.

இது நமக்குத் தெரியாத விஷயமா? நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருஷா வருஷம் கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கும். ஜெர்ஸி, கோப்பை, பிரியாணி எல்லாம் உண்டு. பெரிய கிளையன்ட் ஒருத்தர் போனார். முதல் மெயில் சாயங்கால ஸ்நாக்ஸ் பற்றி, ரெண்டாவது மெயில் டோர்னமென்ட் பற்றி. மூணாவது மெயில் எதைப் பற்றின்னு சொல்லணுமா?

இதைவிட என்னைக் குத்தினது வேற ஒண்ணு. மில்லிகோஸ்கியில் செஞ்சது பத்திரிகைக் காகிதம். அந்தக் காகிதத்துக்குத் தேவை ஏன் விழுந்தது? விளம்பரமும் வாசகரும் திரைக்குப் போனதாலே. அந்தத் திரைக்குள்ள ஓடுற சாப்ட்வேரை எழுதறது யாரு? என்னை மாதிரி ஆளுங்க. நானும் நீங்களும் கடைசியா எப்ப ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கினோம்? எழுதறதும் திரையில், படிக்கறதும் திரையில். எனக்கு வேலை கொடுத்த அதே அலைதான் அங்கே இயந்திரத்தை நிறுத்தினது. நோக்கியா கம்பெனியே 1865ல் மரக்கூழ் ஆலையா ஆரம்பிச்சதுதான். அது திரைப் பக்கம் தாவினது, ஸ்ரீபெரும்புதூர் வரை வந்தது, 2014ல் அந்தத் தொழிற்சாலையும் மூடினது. யாரும் வில்லன் இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா பின்லாந்துக் கம்பெனி ஒண்ணை மட்டும் திட்டிட்டுத் தூங்கப் போக முடியலை.

அப்ப முதலாளி காசே வாங்கியிருக்கக் கூடாதா? அதுவும் எனக்கு ஒப்பலை. அந்தக் காசு இல்லாமல் லிட்மனென் அந்த ஊருக்கு வந்திருக்க மாட்டார், லிவர்பூல் அந்த நாலாயிரம் சீட்டு மைதானத்தில் கால் வெச்சிருக்காது. நல்ல காலத்திலேயே, 1996லயோ 2005லயோ, ‘ஆலை இல்லாமல் போனால் என்ன பண்றது’ன்னு யாராவது கேட்டிருக்கணும். ஜெயிக்கிற வீட்டில் அந்தக் கேள்வி அபசகுனம். எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

மிபா அப்படியே செத்துப் போகலை. கீழ் டிவிஷனில், அடிமட்டத்திலிருந்து மறுபடியும் ஆட ஆரம்பிச்சது. பெரிய ஸ்பான்சர் இல்லை, லிட்மனென் இல்லை, பிஎஸ்வி வரப்போறதில்லை. பேரை மட்டும் மாத்தலை. மில்லிகோஸ்கன் பல்லோ. இயந்திரம் நின்ன பிறகும் அந்தப் பேருக்குள்ள ஆலை இருக்கு, பக்கத்தில் பந்தும் இருக்கு.